ஐந்தாம் பெட்டி எறும்புகள்

மார்ச் 4

எறும்புகளைப் பற்றிய என் பிஎச்.டி. ஆய்வின் கைடு என்னைப் பாராட்டிவிட்டார். அதுவும் எழுத்தில்! மூன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய நல்ல வார்த்தை "ம்". இன்று அரையாண்டு அறிக்கைப் படிவத்தில், "மிகச் சிறப்பு. ஆய்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது" என்று தம் கைப்பட எழுதியிருக்கிறார். எனக்குக் கால் தரையில் படவில்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் தன்னோடு நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியாயிற்றாம்.

ஏப்ரல் 2

உதவித்தொகை வரவில்லை. ஒன்றாம் தேதி தவறியதே கிடையாது.

ஏப்ரல் 6

உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். மேசை அதிர முத்திரை குத்தும் அக்கா ஒருவர் அங்கே உண்டு. நான் வைத்திருக்கும் பெயர் முத்திரை அக்கா. என் படிவத்தைத் தேடி எடுத்து, கைடு எழுதிய வரிமேல் விரலை வைத்தார்.

"உங்க சாரே முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்காரே. முடிஞ்சவங்களுக்கு எதுக்கும்மா பணம்?"

அரசாங்கம் ஐந்து வருஷம் தருவதாகச் சொன்ன பணம். இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. ஆய்வு முடியவில்லை என்று கைடு கடிதம் கொடுத்தால் மறுபடி வருமாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். திட்டு வாங்கிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாராட்டு வாங்கிக் கெட்டது நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 7

கைடு முடியாது என்றுவிட்டார். "முடிஞ்சதை முடியலன்னு நான் எழுதணுமா?" இருபது வருஷத்தில் ஒரே ஒருத்தியைப் பாராட்டினாராம், அதற்கு இந்தக் கதியா என்று அவருக்கு என்னைவிட வருத்தம். சீக்கிரம் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார். எழுதவே ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை வாடகையை எறும்பா கட்டும்?

ஏப்ரல் 11

ஒரு வேலை வந்திருக்கிறது. யாரிடமிருந்து? பூச்சி மருந்துக் கம்பெனி! எறும்பு வளர்த்தவளுக்கு எறும்பைக் கொல்லும் உத்தியோகம். உதவித்தொகையைப் போல இரண்டு மடங்கு சம்பளம். அவர்களுக்கும் இருபத்தைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எறும்புகள் ஒன்றும் தப்பாக நினைத்துக்கொள்ளாது, சேர்ந்துவிடு என்கிறார் அப்பா. சிரித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்து எறும்புப் பெட்டிகளைப் பார்த்தேன். எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், முட்டைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவது வயதான எறும்புகள். இதுதான் என் கண்டுபிடிப்பு. கிழங்களின் முதுகில் சிவப்புப் பொட்டு, இளசுகளின் முதுகில் வெள்ளை. எல்லாம் முடி மாதிரி ஒரு தூரிகையால் நானே வைத்தவை. போன வருஷம் செய்த சோதனையில் நாலு பெட்டிகளில் சிவப்பு ஓடியது. ஐந்தாவதில் வெள்ளை. அன்று என் முழங்கை அந்தப் பெட்டியில் இடித்துவிட்டதால் அதைச் சேர்க்காமல் விட்டேன். நிஜமாகவே இடித்தது. ஆனால் இடித்ததில் உள்ளூர எனக்கு ஒரு நிம்மதி இருந்ததா இல்லையா?

இருந்தது.

ஏப்ரல் 18

மனசு கேட்கவில்லை. இப்போதைய கிழங்களுக்கும் இளசுகளுக்கும் புதிதாகப் பொட்டு வைத்து, ஐந்தாம் பெட்டியில் மறுபடி தண்ணீர் விட்டேன். முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டு.

வெள்ளை.

ஏப்ரல் 20

பாழாய்ப்போன வெள்ளை.

ஏப்ரல் 21

சொல்றதா, வேண்டாமா? சொன்னா அந்த "மிகச் சிறப்பு" போச்சு. மூணரை வருஷம் காத்திருந்து வாங்கினது. சொல்லாம கம்பெனியில சேர்ந்துட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல. அப்பாவும் அந்தப் படத்தைக் காட்டிட்டே இருக்கலாம். இன்னொண்ணு — பணத்துக்காகத்தான் குறை கண்டுபிடிச்சேன்னு கைடு நெனச்சுட்டா? மண்டை காயுது.

ஏப்ரல் 22

சொல்லிவிட்டேன். முழங்கை உட்பட.

கைடு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாம் பெட்டி முன் உட்கார்ந்தார். தண்ணீர் விடச் சொன்னார். வெள்ளைப் பொட்டுகள் முட்டையும் கையுமாக ஓடின. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவை எல்லாம் மேட்டில் ஏறி முடிக்கும்வரை பார்த்தார். அப்புறம் திட்டினார். ஒரு வருஷமாக இதை மறைத்து வைத்தாயா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கடைசியில் குரல் இறங்கியது. "அந்த நாலு பெட்டிய விட இதுதாம்மா விஷயம். ஏன்னு கண்டுபிடி. ஒன்றரை வருஷமாவது ஆகும்."

அங்கேயே பேனாவைத் திறந்து கடிதம் எழுதினார். ஆய்வு முடியவில்லை, முன்பு எழுதியது தம்முடைய அவசரம் என்று. என் முழங்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், பிறகு போய் டீ குடித்தேன்.

ஏப்ரல் 23

கைடின் கடிதத்தின்மேல் முத்திரை அக்கா குத்தியதில் பேனா ஸ்டாண்டு சாய்ந்தது. கம்பெனிக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டேன். பாராட்டு ரத்தான விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். அவர் கவலையே வேறு: காட்டினவர்களிடமெல்லாம் போய் இல்லை என்று சொல்ல வேண்டுமா?

மே 3

வந்துவிட்டது. ஏப்ரல் பணமும் சேர்த்து. முதல் செலவு: புதுத் தூரிகை.

செப்டம்பர் 5

அடுத்த அறிக்கை. கைடு எழுதியது இரண்டே வார்த்தை: "தினமும் வருகிறார்." இப்படி எழுதினால்தான் தனக்கு வேலை சுலபம் என்று சொல்லிக்கொண்டே முத்திரை அக்கா குத்தினார்.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இதைக் காட்டலாமாம்மா?"

காட்டுங்கள் என்றேன்.