கேட்டருகே கைகூப்பி நின்ற உன் அம்மா

இன்று அலமாரியைத் திறந்ததும் கடுகெண்ணெய் வாசனை. பஞ்சாபிலிருந்து உன் அம்மா அனுப்பிய ஊறுகாய். மூடி கோணலாக இருந்தது. கடைசியாக மூடியவள் நீதான்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். பட்டாபிராமில் நம் ஃபிளாட் முழுக்க ஆட்கள். சாப்பாடு முடிந்ததும் உன் அம்மா கீழே கேட்டருகே போய்க் கைகூப்பி நின்றார். வந்தவர்கள் அவரிடம் விடைபெற்றுப் போவார்கள் என்று. உங்கள் ஊர் வழக்கம் அது. நம்மவர்களோ தலையைக் குனிந்து, ஒதுங்கி, ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார்கள். கடைசி ஆள் போகும்வரை அவர் கை இறங்கவில்லை. நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பெட்டியை அடுக்கிக்கொண்டே இந்தியில் கேட்டார்: "என் மகளை இங்கே யாருக்குமே பிடிக்காதா?" இனி எங்களோடு பேச ஒன்றுமில்லை என்றார். அப்போதுதான் பயம் வந்தது. உன் சின்ன வயதைத் தெரிந்தவர் எனக்கு வேறு யார்?

சேக்காட்டில் நீ போன முதல் சாவு வீட்டை அவரிடம் சொன்னேன். ரயிலில் பூக்காரம்மாவிடம் தமிழ் கற்றவள் நீ. மாமாவை இழந்து உட்கார்ந்திருந்த என் அத்தையின் கையைப் பிடித்து, சத்தமாக, "அத்தே, போய்ட்டு வரேன்" என்றாய். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும் என்று வெளியே வந்து விளக்கினேன்.

"அப்போ இன்னா, திருடன் மாதிரி பூடணுமா?"

"ஆமா."

"நல்லா கீதே உங்க ஊரு! பாவம் அத்தே, திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்கோ."

பாதியிலேயே என் இந்தி தீர்ந்துவிட்டது. எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, நேற்று ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன்.

"ஐயோ, அம்மா கோச்சிகினாங்களா? கைய கூப்பிகினு நின்னாங்களே, பாக்க முடியல நைனா. வாயத் தொறந்தா 'வரேன்'னு வந்துடுமோன்னு முந்தானைய வாயில வெச்சிகினு ஓடியாந்தேன்."

சொல்லிக்கொண்டே முந்தானையை வாயில் வைத்துக் காட்டினார். அதை இந்தியில் சொல்ல நான் வார்த்தை தேடுவதற்குள் உன் அம்மா அக்காவின் கையைப் பிடித்திருந்தார். பிறகு என்னிடம், "அவளும் இந்தத் தப்பைச் செய்தாளா?" என்று கேட்டார். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

அன்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் ஞாயிறுதோறும் போன் செய்கிறார். உன்னைப் பற்றி அவர் ஒன்று கேட்பார், நான் ஒன்று கேட்பேன். போன வாரம் கேட்டேன்: சின்ன வயதில் கோபம் வந்தால் நீ என்ன சொல்வாய்? என்னோடு நீ தமிழில்தான் சண்டை போட்டாய். உன் மொழியில் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.