உழுவை

19 ஆகஸ்ட் 1990, ஞாயிறு.

இன்று செம்பாக்கம் காலனி சங்கத்தில் வினாடி வினா. கேள்விகளை அட்டைகளில் எழுதியவன் நான். மைக்கும் என் கையில்தான். உலகின் மிகப் பெரிய மீன் எது என்று கேட்டேன். அட்டையில் இருந்த விடை திமிங்கிலச் சுறா.

புதிதாகக் குடிவந்த ஸ்டெல்லா எழுந்து, "அம்மணி உழுவை சார்" என்றார்.

"உழுவைன்னா புலிம்மா" என்றேன், மைக்கிலேயே.

"இல்ல சார், மீனுதான். எங்கப்பா கோவளத்துல வலை போட்டவரு. மேலெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும்."

"புள்ளி இருந்தா அது சிறுத்தை மேடம்!" என்றது பின்வரிசைக் குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதிப்பெண் தரவில்லை. அந்த ஒரு மதிப்பெண்ணில் அவர் அணி தோற்றது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். உழுவை: புலி. அதற்கடுத்து, ஒருவகை மீன். கலைக்களஞ்சியத்தில் திமிங்கிலச் சுறாவின் படம், உடம்பெங்கும் புள்ளிகள். ஒவ்வொரு விடையையும் இருமுறை சரிபார்த்தேனே, அந்தப் பெண்ணை ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா?

காலையில் அவர் வீட்டுக்குப் போய்த் தவறு என்னுடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் மைக்கில் சொன்னதை அவர் வாசலில் நின்று மெல்லத் திரும்பப் பெற்றால் போதுமா? சங்கத்தில் மறுபடி மைக்கைக் கேட்க எனக்குத் துணிவு வருமா?