மஞ்சள் டப்பிக்கு மாற்று

பிப்ரவரி 3, செவ்வாய்

இட்செலின் இரத்தத்தில் ஈயத்தைக் கலந்தது பாட்டரி உருக்காலை. அப்பாவின் தலைமுடி அல்ல.

இதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எந்தத் தாளிலும் இது இல்லை என்பதால். இன்று ஆலையிலிருந்து வந்த தாள் வேறு சொல்கிறது: "எண்ணெய்ப் பசையுள்ள தலைப்பூச்சுகள் தூசியைப் பிடித்து வைக்கும். தண்ணீரில் கழுவக்கூடிய பூச்சுக்குத் தொழிலாளர்கள் மாறிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குச் செல்லும் தூசிக்கு அவரவரே பொறுப்பு." கீழே பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து. பழைய பாட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் உலைக்கு முன்னால் இருபத்தாறு வருடம் நின்ற மனிதருக்கு ஆலை எழுதிய முதல் கடிதம் அவர் தலைமுடியைப் பற்றி.

இட்செல் என் அக்கா மரிசேலாவின் மகள். நாலு வயது. பள்ளியில் சேர்ப்பதற்காகப் போன மாதம் இரத்தம் எடுத்தார்கள். ஈயம் பதினேழு. பத்தைத் தாண்டினாலே ஆபத்தாம். சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். சன்னல் பெயிண்டைச் சுரண்டினாள், குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள். சோபாவில் அப்பா தலை சாய்க்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கறை உண்டு; அதைத் துணியால் துடைத்து உறையில் போட்டாள். அப்பாவின் சீப்பையும் கேட்டு வாங்கிப் போனாள்.

பெயிண்டில் ஒன்றுமில்லை. தண்ணீரில் ஒன்றுமில்லை. கறையில் இருந்தது. சீப்பில் இருந்தது. முடிவை ஆலைக்கும் அனுப்பினார்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

தினமும் நாலரைக்கு அப்பா வந்து சோபாவில் உட்கார்வார். இட்செல் சோபாவின் முதுகில் ஏறிக் குந்திக்கொண்டு அவர் தலையைப் பின்னோக்கிச் சீவுவாள். "குனிங்க தாத்தா" என்று அதட்டுவாள். சீவி முடித்த கையோடு, மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய். கழுவாத கை. நாங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். நான் போட்டோ வேறு எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4

அப்பா சாப்பாட்டு மேசையில் தொப்பியோடு உட்கார்ந்தார். இதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரி 7, சனி

சோபாவைத் தெருவில் போட்டோம். நானும் அக்காவும் தூக்கினோம். அப்பா உதவிக்கு வரவில்லை. சமையலறையில் நின்று, இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்காத பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அவர் தலைக்குப் பூசும் பசையின் மஞ்சள் டப்பியை இன்றுதான் சரியாகப் படித்தேன். தேன்மெழுகும் வாசலினும். சீப்பு உள்ளே இறங்காது. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் பூச வேண்டும். பூசினால் மூன்று நாளைக்குக் காற்றுக்கும் அசையாது. ஷாம்புவுக்குப் பெப்பே காட்டும். சனிக்கிழமை தோறும் ஆலிவ் எண்ணெய் விட்டு இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்ப்பார். பதினாறு வயதிலிருந்து இதே டப்பி. கல்யாணப் போட்டோவில் இதே தலை. அம்மாவைப் புதைத்த அன்றும் இதே தலை. "சீவாம வெளிய போறவன், நான் தோத்துட்டேன்னு ஊருக்கே சொல்லிட்டுப் போறான்" என்பார். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இவர் வயது ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆலையில் குளிக்க ஆறு குழாய். இரண்டில்தான் தண்ணீர் வரும். வருவதும் பச்சைத் தண்ணீர். ஒரு ஷிப்டுக்கு எண்பது பேர். இதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை.

"வேற ஏதாவது வாங்கிட்டு வாடா லாசரோ," என்றார் அப்பா. "நீதான அந்தக் கடையில தலைக்குப் பூசறதெல்லாம் அடுக்குற? சீவுனா நிக்கணும். மினுங்கணும். பச்சத் தண்ணியில போயிடணும்."

மூன்றே நிபந்தனைகள். மருந்துக்கடையில் நாற்பது வகை அடுக்குகிறேன். இது ஒரு பெரிய காரியமா என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 11, புதன்

ஜெல். நீல நிறம், குழாயில் வந்தது. காலையில் கண்ணாடி போல நின்றது. அப்பா தலையைத் தட்டிப் பார்த்தார், "டொக் டொக்குங்குது, யாரு உள்ள?" என்றார். பல நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

மத்தியானம் ஹெல்மெட்டைக் கழற்றியபோது எல்லாம் நொறுங்கி வெள்ளை வெள்ளையாகத் தோளில் உதிர்ந்ததாம். பக்கத்து உலையில் நிற்கும் இலாரியோ சும்மா இருப்பாரா? "என்ன எவாரிஸ்தோ, உனக்கு மட்டும் பனி பெய்யுது? எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பு, வெந்து சாகுறோம்." இலாரியோவுக்கு முட்டை மாதிரி மொட்டைத் தலை. அவர் பேசலாம்.

பிப்ரவரி 13

களிமண் சேர்த்த பசை. துளி மினுக்கம் இல்லை. "இது தலையா, கழுத படுத்து எந்திரிச்ச வைக்கோலா?" திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

சோன் அண்ணன் சலூன். அப்பாவுக்கு இருபது வருடமாக முடி வெட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டுவந்தார்.

"இதுவும் உன் டப்பி மாதிரி தலைக்குப் பூசற பொமேட்டுதான். ஆனா மெழுகு கெடையாது, தண்ணியில கரையும். சீப்ப நனைச்சுக்கிட்டு சீவு. இறுகிடும். மறுபடி நனைச்சா மறுபடி சீவலாம்."

"மஞ்சள் டப்பி மாதிரி நிக்குமா?" அப்பா கேட்டார்.

"நிக்காது. நீ கட்டின பொண்டாட்டி மாதிரி எவ நிப்பா? ஆனா இவ நல்லவ."

சீவினார். பக்கவாட்டில் ஒரு முடி பிசகவில்லை. மேலே தோணியின் அடிப்பக்கம் மாதிரி வழவழப்பு. பிறகு நாற்காலியைச் சாய்த்து, பச்சைத் தண்ணீரை விட்டார். ஒரே நிமிடம். தலையில் எதுவுமில்லை. சோன் வெள்ளைத் துண்டால் துடைத்து அதை எங்களிடம் விரித்துக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது.

அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பாப்பா சீவலாமா?" என்று கேட்டார். என்னிடமில்லை, சோனிடம்.

"அதை நர்ஸக் கேளு எவாரிஸ்தோ. நான் முடி வெட்டுறவன்."

பிப்ரவரி 25, புதன்

நன்றாகப் போகிறது. வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்று, தலையைக் கழுவிவிட்டு வருகிறார். கடைசி ஆளாகக் குளிப்பதால் நாலரைக்கு வருகிறவர் ஆறு மணிக்கு வருகிறார். உதடு நீலமாக இருக்கிறது. வீட்டில் மறுபடி வெந்நீர், சோப்பு. பிறகுதான் இட்செலுக்குப் பக்கத்தில். சீவ விடுவதில்லை, இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்கிறார். அவள் சீப்பை வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். புதுச் சீப்பு, சிவப்பு.

நாட்களை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். காலண்டரில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள்.

மார்ச் 6, வெள்ளி

நான் ஒரு மடையன்.

தண்ணீரில் கரைவது வேர்வையிலும் கரையும். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? தினமும் இந்த மாதிரிச் சாடிகளை அடுக்குகிறேன், பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். உலைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால் பொமேட் உருகி நெற்றி வழியாக முகமூடிக்குள் இறங்குகிறது. கண்ணில் எரிகிறது. இரண்டு வாரமாக அப்பா முகமூடியைத் தூக்கித் தூக்கிக் கண்ணைத் துடைத்திருக்கிறார். அந்தப் புகையில். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். "யாருடா கணக்கு வச்சா?"

எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், பாப்பாவுக்கு இன்னும் நாள் தள்ளும் என்று.

இன்று மேற்பார்வையாளன் பார்த்துவிட்டான். எச்சரிக்கைத் தாள்: "முகமூடியை அகற்றியது தொழிலாளரின் அலட்சியம்." அலட்சியமாம்! தலைய மாத்துன்னு எழுதுனது யாரு? நீங்கதான! மாத்துனாரு. இப்ப அதுக்கும் அவருதான் குத்தவாளியா? வெந்நீருக்கு ஒரு குழாய் போட்டுக் குடுத்தா மஞ்சள் டப்பியே போதும்டா, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்திருப்பாரு மனுஷன்!

கத்தியது வீட்டுச் சுவரைப் பார்த்து. அவர்கள் முன்னால் கத்தவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 14, சனி

காலையில் அப்பா தனியாகச் சோன் சலூனுக்குப் போனார். மொட்டையாக வந்தார்.

சோன் முதலில் மறுத்திருக்கிறார். "பாதி பேர் உன் தலையக் காட்டித்தான் 'எனக்கு இப்படி வெட்டு'ன்னு கேட்டிருக்கானுங்க, நான் மாட்டேன்" என்றாராம். அப்பா மிஷினைத் தானே எடுத்து நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டார். பிறகு சோன்தான் முடித்துக் கொடுத்தார்.

முடி இல்லாத அப்பாவின் தலை சின்னது. காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. எதனால் என்று கேட்கவும் முடியவில்லை.

இட்செல் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இது யாரு?" என்றாள்.

மார்ச் 15

மஞ்சள் டப்பியை அப்பா குப்பையில் போட்டார். நான் எடுத்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியாது.

ஏப்ரல் 9, வியாழன்

இட்செலுக்கு இரண்டாவது பரிசோதனை. பதினெட்டு.

குறையவில்லை. சோபா இல்லை, சீப்பு இல்லை, முடி இல்லை, இரண்டு மாதமாக அவள் அவர் தலையைத் தொடவில்லை. பதினெட்டு.

"ஏற்கனவே உள்ள போனது எதைத் தொட்டிருக்கும்னு இப்ப சொல்ல முடியாதும்மா," என்றாள் நர்ஸ் அக்காவிடம். "பேச்சு, படிப்பு, எல்லாம் போகப் போகத்தான் தெரியும். இனிமே ஏறாம பாக்கணும்." அக்கா தலையாட்டினாள். பஸ்ஸில்தான் அழுதாள்.

வெளியே வரும்போது நாற்காலியில் இலாரியோ. மடியில் பேரன். அவனுக்கு ஈயம் இருபத்திரண்டு.

இலாரியோவின் வீட்டில் யாரும் தலையில் எதுவும் பூசுவதில்லை. இலாரியோவுக்குப் பூசத் தலைமுடியே இல்லை. ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். அவர் தன் மொட்டையைத் தடவிக்கொண்டே, "எனக்கு என்னடா தாள் அனுப்புவானுங்க? காத மழிச்சிக்கச் சொல்லுவானுங்களோ?" என்றார். வாய் சிரித்தது.

ஆலை ஆற்றுக்கு அந்தப் பக்கம்; இந்தப் பக்கம் நாலு தெருவுக்கும் அதே புகைபோக்கிதான். காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது. நர்ஸ் கேட்காமலே சொன்னாள், இந்த வாரம் மட்டும் பதினோரு குழந்தைகள்.

ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். உங்க முடியால இல்லப்பா. இலாரியோ மாமா வீட்டுப் பையனுக்கும் இருக்கு. முடியால இல்லவே இல்ல.

பெரிய நல்ல செய்தி போலச் சொன்னேன். அவர் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"இலாரியோ தல வேற. என் தல வேற. சீப்புல இருந்துச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்கல்ல?"

"இருந்துச்சுப்பா. அங்க எப்படி வந்துச்சு? யாரு ஊதிவிட்டது?"

"நான்தான கொண்டாந்தேன்."

அவர் நம்புவது ஆலையின் தாளைத்தான். அச்சடித்த தாள், கையெழுத்து, முத்திரை. நான் வெறும் வாய்.

ஏப்ரல் 20, திங்கள்

ஆலை வாசலில் கடிதம் கொடுத்தேன். நானும் இலாரியோவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு கேட்டிருக்கிறோம். ஒன்று, ஆறு குழாயிலும் வெந்நீர். இரண்டு, எவாரிஸ்தோவின் பெயருக்கு ஒரு தாள், அதில் ஒரே வரி: "குழந்தைக்கு நேர்ந்ததற்கு உங்கள் முடி காரணமல்ல."

சன்னலில் இருந்தவள் படித்தாள். மறுபடி படித்தாள். "ரெண்டாவது எதுக்குங்க? அதனால உங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"அப்பாவுக்குக் கெடைக்கும்," என்றேன். முத்திரை குத்தி உள்ளே வைத்தாள்.

மே 6

பதில் இல்லை. இரண்டாவது கடிதம்.

மே 22

பதில் இல்லை. இலாரியோவை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

மே 30, சனி

அப்பாவுக்கு முடி அரை விரல் வளர்ந்திருந்தது. நரை நிறைய. காலையில் சவரக் கத்தியால் தானே மழித்துக்கொண்டார். இனி சனிக்கிழமை தோறும் இதுதான் போலிருக்கிறது. ஆலிவ் எண்ணெய் சமையலுக்கு மட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆலைக் குளியலறையில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களாம்: "தலையைச் சுத்தமாக வைத்திருங்கள்." குழாய் இரண்டுதான். பச்சைத் தண்ணீர்தான்.

மத்தியானம் நர்ஸ் போனில் சொன்னாள், பதினாறு. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார். "பாத்தியா, மழிச்சதுனாலதான்," என்றார். 

சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். இட்செல் உள்ளேயிருந்து சிவப்புச் சீப்போடு வந்தாள். இவ்வளவு நாளில் மொட்டைத் தலை அவளுக்குப் பழகிவிட்டது. மேல் படியில் ஏறி அவருக்குப் பின்னால் நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"குனிங்க தாத்தா."

அப்பா இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க. குனிங்க."