சொர்ணாம்பாள் சொன்ன வியாதி

12-12-2006, செவ்வாய்
வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷம் அந்தப் பொம்மைக் கம்பெனியில் காய்ந்த களிமண் பொம்மைகளைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். இப்போது விரல்தோல் இறுகி மினுங்குகிறது, கை மடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கிற சொர்ணாம்பாள்தான் சூப்பர்வைசரிடம் போய், "அன்புக்கரசிக்குப் பெருவியாதிங்க, எங்ககூட உக்கார வெக்காதீங்க" என்றாளாம். என் டீ டம்ளரைக் குச்சியால் தள்ளினாள். எல்லாரும் பார்த்தார்கள்.

13-12
அவ நாக்கு அழுகிப்போவணும்.

8-1-2007, திங்கள்
புதுச்சேரி பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா என் விரல்தோலைக் கிள்ளினார், மடிப்பே எழவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். முழுதாகத் திறக்க முடியவில்லை. "குளிர்ல விரல் வெளுத்து நீலமாவுதா?" இரண்டு வருஷமாக ஆகிறது. உணர்ச்சி இருக்கிறதா என்று ஊசியால் குத்தினார். நன்றாகவே தெரிந்தது.
"இது தொழுநோய் இல்லம்மா. ஸ்கிளிரோடெர்மா. தோலையும் உள்ளுறுப்பையும் தாங்குற திசு இறுகிப்போற அபூர்வ வியாதி. யாருக்கும் ஒட்டாது."
கல்தூசியிலும் எங்களைப்போல மண்தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கு வர வாய்ப்பு அதிகமாம். நுரையீரலுக்குப் போவதற்குள் மருந்து தொடங்க வேண்டுமாம்.
'ஒட்டாது' என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அவள் மூஞ்சியில் எறிய.

10-1
சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் நின்று டாக்டரம்மா எழுதிய சீட்டைச் சத்தமாகப் படித்தேன். சொர்ணாம்பாள் நிமிரவில்லை. வாசல் குழாயின் சில்லென்ற தண்ணீரில் கை கழுவினாள் — நாலு விரலும் சுண்ணாம்பாக வெளுத்தன! சட்டென்று முந்தானையில் மறைத்தாள்.
அவளுக்கும் இதே வியாதிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது.
சொல்லமாட்டேன்.

15-1
பொங்கல். வாய் சரியாகத் திறக்காததால் கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டேன். அவளும் ஒருநாள் இப்படித் தின்னட்டும்.

24-1
ரயில்வே ஜங்ஷன் மேம்பாலப் படியில் அவளைப் பார்த்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல். நுரையீரலோ?
பார்க்காத மாதிரி வந்துட்டேன். வூட்டுக்கு வந்தும் சோறு எறங்கல. நல்லாத்தானே இருக்கணும் எனக்கு? ஏன் இல்ல?

26-1
அவள் வீட்டுக்குப் போனேன். "கையக் காட்டுடி."
"எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ."
பிடித்து இழுத்துத் தோலைக் கிள்ளினேன். எழவில்லை. அழுதாள். "யாருகிட்டயும் சொல்லிடாத, அன்பு. வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."
"அது ஒனக்குத் தெரியுதா இப்ப?" என்றேன். ஒன்றரை மாதமாக உள்ளே கிடந்த கேள்வி.

5-2-2007, திங்கள்
புதுச்சேரி பஸ்ஸில் நானும் அவளும் ஒரே சீட். மங்கலம்பேட்டை தாண்டியதும், "என்னை மன்னி—" என்று தொடங்கினாள். "பேசாம வா" என்றேன். மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.
அவளுக்கும் மருந்து எழுதினார் டாக்டரம்மா. அடுத்த மாதம் இருவருக்கும் ஒரே தேதி. ஆறரை பஸ்ஸுக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.