பூசைக்குப் பின் வாசித்த அறிவிப்பு

இயேசு மரி சூசை துணை. (இந்தத் தடவை மூன்று பேருமே வேண்டும்.)

பொம்மிடி,
18.11.2025, செவ்வாய்க்கிழமை.

ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியோடு சத்தீஸ்கரில் புழுதி குடித்துக்கொண்டிருக்கும் என் அன்பான ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு, உங்கள் புஷ்பமேரியின் தோத்திரம்.

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அந்த வார்த்தைக்கு வரமாட்டேன் என்கிறது. நம் பெண் ஜோஸ்வின் தருமபுரி ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது. ஆடு இரண்டும் நலம். வீட்டில் பயந்துகொண்டிருப்பது நான் ஒருத்திதான். கடையைத் திறந்து மிஷினில் உட்கார்ந்தால் கால் பெடலில் நிற்காமல் தானாக ஆடுகிறது. நேற்று நிர்மலா டீச்சரின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன். அந்தம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "மேரிக்கா, இதோட என்ன கிளாசுக்கு அனுப்பறீங்களா, டிராஃபிக் போலீஸ் வேலைக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வாயில் வைத்திருந்த குண்டூசி நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

வாய்ஸ் மெசேஜ் போட்டால் வண்டியிலிருக்கும் ஆட்கள் எல்லோரும் கூடி நின்று கேட்கிறார்கள். நான் அழுதாலும் சிரிக்கிறார்கள். என் குரல் வாங்கி வந்த வரம் அப்படி. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், போட்டோ பிடித்து அனுப்புகிறேன். சிக்னல் இருக்கிற ஊருக்கு வண்டி வரும்போது உங்களுக்கு வந்து விழும். தனியாகப் போய்ப் படியுங்கள்.

விஷயம் பேங்க். ஸ்டேஷன் ரோட்டில் புதிதாக வந்ததே, அதன் பழைய மேனேஜர் அருண்குமார் பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தைக்க என் கடைக்குத்தான் வருவார். மாதம் ஒரு சுற்று பெருப்பார், நான் பிரித்துக் கொடுப்பேன். போன வருடம் மாதா பிறந்தநாளுக்கு முதல் நாள் வந்து, "நீங்கதானக்கா பங்குப் பேரவை செயலாளர், பூசை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்கிறது நீங்கதான? இதையும் சேர்த்து வாசிச்சிடுங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். சிறு வியாபாரிகளுக்கு ஒரு நடப்புக் கணக்கு. பெயர் 'வளர்ச்சி பிளஸ்'. பணம் வந்தால் கூவுகிற பெட்டி, விபத்துக் காப்பீடு, செக் புத்தகம், எல்லாம் இலவசம்.

வாசித்தேன். இரண்டு கல்யாண ஓலை அறிவிப்புக்கும் நடுவில் வைத்து வாசித்தேன். கோயில் மைக்கில் வந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு அது கோயில் சொன்னது. பூ கட்டுகிறவர், கடலை விற்கிறவர், பால் ஊற்றுகிறவர் என்று முப்பத்தொரு பேர் போய்க் கணக்குத் திறந்தார்கள். ஒவ்வொரு படிவத்திலும் 'அறிமுகப்படுத்தியவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நம் கல்யாணத்தில்கூட இத்தனை கையெழுத்து இல்லை. கடைசிப் படிவம் வரும்போது கலெக்டர் மாதிரி பெயருக்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்தேன்.

கணக்குக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டணம், அதற்கு மேல் வரி தொண்ணூறு என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. டீக்கடை காளியப்பன் நம் கோயில்காரர்கூட இல்லை, ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தவர். செப்டம்பரில் ஒரு நாள் கணக்குச் சீட்டோடு வந்து, "ஏங்க மேரிக்கா, வர்ற காச ஊருக்கே கேக்கற மாதிரி கத்துது. போற காச மட்டும் ஏங்க காதுலகூட சொல்ல மாட்டேங்குது?" என்றார்.

எனக்கு வீராவேசம் வந்துவிட்டது. கிளைக்கு எழுதினேன், பதில் இல்லை. சேலத்தில் இருக்கும் அவர்கள் மேல் ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இலவசம் என்று சொல்லித் தேவையில்லாத கணக்கை விற்றீர்கள், முப்பத்தொரு பேருக்கும் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான்கு பக்கம். ஒப்புகை அட்டை வந்த அன்று காளியப்பன் கடையில் எனக்கு ஓசி டீ, பஜ்ஜி. நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

நேற்று பதில் வந்தது. வங்கி யாரிடமும் இலவசம் என்று சொல்லவில்லையாம். இலவசம் என்று சொல்லி ஆள் சேர்த்தவர் புகார் கொடுத்தவரேயாம். முப்பத்தொரு படிவத்திலும் என் கையெழுத்து சாட்சியாம். அதற்காக நான் ஊக்கப் பரிசும் வாங்கியிருக்கிறேனாம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சேலத்திலிருந்து அதிகாரிகள் வந்து விசாரிப்பார்களாம், தேவைப்பட்டால் சட்ட நடவடிக்கையாம்.

ஊக்கப் பரிசு என்பது நம் வீட்டு ஐந்து லிட்டர் குக்கர். சீட்டுக் குலுக்கலில் விழுந்தது என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். அருண்குமார் கொடுத்தது. நான் கேட்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீங்கள் லீவில் வந்தபோது அதில் ஆக்கிய பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள். ஆகவே சட்டப்படி உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

கடிதத்தைக் காளியப்பனிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இது நானூத்தி இருபதுங்க மேரிக்கா. உள்ள போனா ஜாமீன் கெடைக்க ரெண்டு நாளாவது ஆகும்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

அருண்குமாரை மாற்றிவிட்டார்கள், போனை எடுப்பதில்லை. புதிதாக வந்திருக்கும் சுகுணா மேடம் இன்று காலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த அன்பைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் பயமாகிவிட்டது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. தவறான புரிதல்ல எழுதிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமை பத்து மணிக்குள்ள குடுத்துடுங்க. அவங்க வர்றதுக்குள்ள ஃபைல மூடிடலாம்" என்றார். வாபஸ் கடிதத்தை டைப் அடித்தே கொடுத்துவிட்டார். அது என் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய பூசை நம் பங்கின் யூடியூபில் அப்படியே கிடக்கிறது. அறுபத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் ஐம்பது பேர் நான்தான். பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது, அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதில் நான் சொன்ன ஒரு வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. அது என்னவென்று எழுத இன்று தைரியம் போதவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, படத்தையும் அழித்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் இங்கே இருந்தாலும் அதைத்தான் சொல்லுவீர்கள், இல்லையா?

புதன்கிழமை, மத்தியானம்.

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. நல்லதாகப் போயிற்று.

இன்று காலையில் லூர்துமேரி சின்னம்மா கடைக்கு வந்தார். ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை அவித்து விற்பாரே, அவர்தான். பழைய சேலையில் இரண்டு பை தைக்க வேண்டுமாம். மாட்டை விற்றாரே, கூரைக்குத் தகரம் போட்டாயிற்றா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "பாதி வூட்டுக்குத்தான் கண்ணு வந்துது" என்றார்.

மாட்டை வாங்கிய நல்லம்பள்ளிக்காரர் இருபத்திரண்டாயிரத்தையும் சின்னம்மாவின் வளர்ச்சி பிளஸ் கணக்கில் போட்டிருக்கிறார். அதுவரை அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் கிடையாது. அதனால் பதினான்கு மாதக் கட்டணத்தைப் பாக்கியாகவே சேர்த்து வைத்திருந்து, மாட்டுப் பணம் விழுந்ததும் எட்டாயிரத்து இருநூற்று அறுபதை ஒரே வாயில் விழுங்கிவிட்டார்கள். மீதி வீட்டுக்குத் தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறார். இரண்டு நாளாக இங்கே விடாத தூறல்.

ஏன் சின்னம்மா ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எதுக்குப் புள்ள சொல்றது? கோயிலுதான எடுத்துக்கிச்சு. கணக்கு தொறக்காத வூட்டுக்கு ஃபாதர் ஜெபம் பண்ணி மந்திரிக்க வரமாட்டாருன்னு நீதான மைக்குல சொன்ன. கோயில் வரிய கட்டாம வெச்சிருந்தது என் தப்பு. மாதாவுக்குப் போவுதுன்னு உட்டுட்டேன். நீ என்னமோ கேஸ் எழுதிப் போட்டிருக்கியாமே, வேணாம் கண்ணு, கோயில் மேல கேஸ் போடறது பாவம்."

நேற்று எழுத முடியாமல் விட்ட வாக்கியம் அதுதான்.

அது வேடிக்கைக்குச் சொன்னது சின்னம்மா, எல்லோரும் சிரித்தார்களே என்றேன். "பூசையிலயா?" என்று மட்டும் கேட்டார். பையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

கடையைச் சாத்திவிட்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். நான் சீட்டை வாசிக்கிறேன். முன்வரிசையிலிருந்து அருண்குமார் எழுந்து, "ஒரு பைசா கட்ட வேண்டாங்க, நான் பொறுப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார். பேங்க் இலவசம் என்று சொன்னதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அது முடிந்த மூச்சில் நான் ஃபாதர் பெயரை இழுத்து அந்த வாக்கியத்தை விடுகிறேன். கோயில் முழுக்கச் சிரிப்பு. கேமரா ஜனங்கள் பக்கம் திரும்புகிறது. மூன்றாவது வரிசையில் சின்னம்மா மட்டும் சிரிக்காமல், சரி என்பது போலத் தலையாட்டுகிறார். ஐம்பது தடவை பார்த்த படம், எல்லாத் தடவையும் என்னைத்தான் பார்த்திருக்கிறேன்.

அருண்குமார் சொன்னதை மட்டும் வெட்டிக் காட்ட முடியாது. முழுசாகக் காட்டினால்தான் சாட்சி. காட்டினால் முப்பத்தொரு பேருக்கும் பணம் திரும்புவதற்கு வழி இருக்கிறது. நான் கோயில் பெயரைச் சொல்லி மிரட்டி ஆள் சேர்த்தவள் என்பதும் அதிலேயே இருக்கிறது. செயலாளர் பதவி போகும். அதற்கு மேல் என்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை. காளியப்பனைக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

நாளைக்குப் படத்தைக் காட்டப் போகிறேன். இரவுக்குள் மனசு மாறி அழித்துவிடுவேனோ என்று காளியப்பன் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். வாபஸ் கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். கிழிக்கவில்லை, டிராயரில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அங்கிருந்து வரும் வழியில் சின்னம்மா வீட்டுக்கும் போக வேண்டும். பேங்கைவிட அந்த வாசற்படியில் ஏறத்தான் எனக்குப் பயம்.

நீங்கள் ஜாக்கிரதையாக இருங்கள். குழாய் இறக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மாதா உங்களைக் காப்பாற்றட்டும், அவருக்கு இந்த வாரம் என் வேலையே நிறைய இருந்தாலும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து யாராவது போன் செய்து, உன் பெண்டாட்டி கோயிலை வைத்து ஏமாற்றிவிட்டாள் என்று சொன்னால், இல்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். தெரியும், அவளே எனக்கு எழுதினாள் என்று சொல்லுங்கள். அப்புறம், சிக்னல் கிடைத்ததும் என்னைக் கூப்பிடுங்கள். திட்டுவதற்காக என்றாலும் கூப்பிடுங்கள்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
புஷ்பமேரி.