சாட்சிக் கையெழுத்து

ஜூன் 11
சைதாப்பேட்டையில் ரயில் தாமதம். தி.நகர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மேனேஜர் புகழேந்தி ஒரு ஒப்புதல் படிவத்தை நீட்டினார். பத்து நாள் முன்பு ஆபரேஷன் ஆன ஜமீலுன்னிசாவுடையது. "சாட்சி இடத்துல ஒரு கையெழுத்து சிஸ்டர். இன்சூரன்ஸ்ல கேக்கறாங்க."

கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம் என்று எழுதியிருந்தது. அவள் சம்மதித்தது உள்ளே குழாய் விட்டுக் கட்டியைப் பார்க்க மட்டும். டாக்டர் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார். இருபத்தொன்பது வயது, பிள்ளை இல்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12
படிவத்தில் இருப்பது அவள் கையெழுத்துதான். வாங்கியது யார்? நான். அட்மிஷன் போடும்போதே ஐந்து படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் டிக் போட்டு, எதற்குச் சம்மதம் என்று எழுதாமலே கையெழுத்து வாங்கிவிடுவோம். பதினொரு வருஷமா இதே பழக்கம். இன்னா நர்ஸ் நான்?

ஜூன் 14
மறுபடி புகழேந்தி. நோயாளி வழக்குப் போட்டால் ஈடுகட்ட டாக்டருக்குக் காப்பீடு இருக்கிறதாம். சம்மதத் தாள் சரியில்லையென்றால் கம்பெனி கைவிரித்துவிடுமாம். "நம்ம எல்லாருக்கும் கஷ்டம் சிஸ்டர்."

நம்ம எல்லாருக்குமாம். அந்த 'எல்லாரில்' அவள் இல்லை.

ஜூன் 15
தையலைக் காட்ட ஜமீலுன்னிசா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் குடும்மா. ஆஸ்பத்திரில மூணு நாளைக்குள்ள குடுத்தாகணும். வெத்துத் தாள்ல உன் கையெழுத்தை வாங்கினது நான்தான், அதையும் வக்கீல்கிட்ட சொல்லு."

"அப்பவே ஏன் சிஸ்டர் படிச்சுக் காட்டல?"



ஜூன் 18
வேலை போய்விட்டது.

என் வீட்டுக்காரர் டில்லிபாபு கத்தினார். "உனுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? ஒரு கையெழுத்துதானே."

"அவகிட்ட வாங்குன ஒரு கையெழுத்தை வச்சுக்கினுதான்யா அவ வயித்துல கை வச்சானுங்க" என்றேன். அவர் தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார்.

ஆகஸ்ட் 3
துரத்தப்பட்ட கோபத்தில் நான் கதை கட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நான் வாயை மூடப் போவதில்லை.

செப்டம்பர் 9
நுகர்வோர் ஆணையத்திலிருந்து பதிவுத் தபால். ஜமீலுன்னிசா வழக்குப் போட்டுவிட்டாள். எதிர்த்தரப்பு ஒன்று ஆஸ்பத்திரி, இரண்டு டாக்டர், மூன்று — நான்.

டில்லிபாபுவுக்கு ஆத்திரம். "அவளுக்கோசரம் வேலைய வுட்டவ நீ. உன்னையே மாட்டி வுட்டுக்கீறாளே."

மாட்டிவிடவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். இனி என் பதிலைக் கேட்காமல் யாரும் இந்த வழக்கை முடிக்க முடியாது.

பதில் எழுத முப்பது நாள் தந்திருக்கிறார்கள். வெத்துத் தாளில் கையெழுத்து வாங்கியது முதல் எல்லாவற்றையும் மத்தியானமே எழுதி முடித்துவிட்டேன். கீழே கையெழுத்தும் போட்டாயிற்று.