ஒரு மாலை மனைவி

என் வீட்டுக்காரருக்கு,

நான் விளக்குமாற்றைத் தேடியபோது ஓடிய நீங்கள், உங்கள் அக்கா வீட்டில் சுகமாக இருப்பீர்கள். இங்கே மாதுளை மரமும் நானும் நலம்.

படைத் தளபதியாக இருந்து மன்னரான நம் ஷா, முதலில் ரயில் பாதை போட்டார். பிறகு பெண்களின் முக்காட்டை எடுக்கச் சொன்னார். மனைவியைத் தொப்பியோடு விருந்துக்கு அழைத்து வராத உங்களைப் போன்ற அதிகாரிக்கு வேலை இல்லையாம். எனக்கும் கூச்சம்தான். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? முல்லாவிடம் போய் ஒரே ஒரு மாலைக்கு எவளையோ நிக்காஹ் செய்து விருந்துக்குக் கூட்டிப்போனீர்கள்!

நேற்று ஆளுநரின் மனைவி வந்தாள். முக்காட்டில் இருந்த என்னைப் பார்த்து, "உங்க மருமக எங்கம்மா? விருந்துல எல்லாரையும் சிரிக்க வெச்சாளே! மாதர் சங்கத்துக்கு அவதான் தலைவி," என்றாள்.

மருமகளாம்! எனக்கு முப்பத்தோரு வயது.

"அவ ஒரு நாள் வாடகைக்கு வந்தவம்மா. பொண்டாட்டி நான்தான்," என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டிவிட்டது. "உன் வீட்டுக்காரர் வேலைக்கு நான் பொறுப்பு. அடுத்த விருந்துக்கு நீயே வாடி," என்றாள்.

வெள்ளிக்கிழமை விருந்து. இறகு வைத்த தொப்பி வாங்கிவிட்டேன். ஊராருக்கு முகம் காட்ட உங்களுக்கு வெட்கமாக இருந்தால், என் முக்காடு சும்மாதான் கிடக்கிறது. போர்த்திக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிரந்தர மனைவி